‘மெதுவாப் போங்க’ என்று சொல்லும் உரிமை

2023 ஜனவரி 20ஆம் திகதி, கொழும்பிலிருந்து சுற்றுலா வந்த பாடசாலை மாணவர்களை ஏற்றிய பஸ் ஒன்று, நானுஓயாவுக்கு அருகே ரதெல்ல குறுக்கு வீதியின் இறக்கத்தில் ஒரு வேனுடனும் ஓட்டோவுடனும் மோதியது. 7 பேர் இறந்தார்கள். அவர்கள் அந்தச் சிறிய வாகனங்களில் வந்தவர்கள். 2024 டிசம்பரில் ஹட்டனிலிருந்து கண்டிக்குப் புறப்பட்ட தனியார் பஸ் மல்லியப்பு பகுதியில் கவிழ்ந்து 3 பேர் உயிரிழந்தார்கள். 2025 மே 11ஆம் திகதி விடியற்காலையில், கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குச் சென்ற இ.போ.ச. பஸ் கொத்மலை கெரண்டிஎல்ல பகுதியில் பள்ளத்தில் பாய்ந்தபோது 20க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி எல்ல – வெல்லவாய வீதியில் மேலும் 15 பேர். ஒவ்வொரு முறையும் அனுதாபச் செய்தி வருகிறது, விசாரணை அறிவிக்கப்படுகிறது, இரண்டு வாரம் வாகனங்களை மறித்துச் சோதிக்கிறார்கள். பிறகு அடுத்த பள்ளம்வரை எல்லாம் பழையபடியே நடக்கிறது. இந்தச் சுழலில் ஒரு தரப்புக்கு மட்டும் எப்போதும் வேலையே கொடுக்கப்படுவதில்லை. அந்தப் பாதையோரத்தில் வாழ்ந்து, அந்த பஸ்களில் அன்றாடம் ஏறி இறங்கும் மக்கள்தான் அவர்கள். மலையகத்தில் வீதிப் பாதுகாப்பு நிலைக்க வேண்டுமானால் அது அவர்களுடைய அமைப்புகளின் கையில், அதிகாரத்தோடு கொடுக்கப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

செய்தியாகும் பெரிய விபத்துகள் மொத்த இழப்பின் ஒரு சிறு பகுதி. இலங்கையில் ஆண்டுக்குச் சராசரியாக 38,000 வீதி விபத்துகள் நடக்கின்றன, ஏறத்தாழ 3,000 பேர் இறக்கிறார்கள், 8,000 பேர் படுகாயமடைகிறார்கள் என்று உலக வங்கி 2020இல் வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது. உலகம் முழுவதும் 5 முதல் 29 வயது வரையிலானவர்களின் மரணத்துக்கு முதல் காரணம் வீதி விபத்துதான் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நடந்து செல்பவர்கள், சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் செல்பவர்கள். இந்தக் கணக்கைத் தோட்டத்துப் பாதையில் வைத்துப் பார்க்க வேண்டும். நடைபாதை இல்லாத வீதியோரமாக மலைக்கு வேலைக்குப் போகும் பெண்கள், பனிமூட்டத்தில் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள், லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிளில் ஹட்டன் கடையொன்றில் வேலை முடித்து இரவில் லயத்துக்குத் திரும்பும் இளைஞன். இவர்கள் ஒருவர் ஒருவராக விழுவதால் தலைப்புச் செய்தி ஆவதில்லை.

மலைப்பாதைக்கென்று தனி இயல்பு உண்டு. அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதியும், கம்பளையிலிருந்து புசல்லாவ, இறம்பொடை வழியாக ஏறும் வீதியும் மலைச் சரிவைச் சுற்றிச் சுற்றிப் போகின்றன. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பாதாளம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அது சூடேறிப் பிடிப்பு விடும். குறைந்த கியரில் போட்டு என்ஜினின் இழுவையிலேயே வண்டியைத் தாங்கி இறக்க வேண்டும். எண்ணெய் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டினால் அந்தத் தாங்கல் இல்லாமல் போகிறது. எந்த வளைவில் மழை பெய்த மறுநாளும் ஈரம் காயாது, எந்த இடத்தில் மாலை நான்கு மணிக்கே மூட்டம் இறங்கும், எந்த மதகுக்குப் பக்கத்தில் மண் சரிகிறது என்பதெல்லாம் உள்ளூர் சாரதிகளுக்கும் அங்கே நடமாடும் தொழிலாளிகளுக்கும் மனப்பாடம். 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் இந்த மலைகளைக் கிழித்துப்போட்ட பிறகு அந்த அறிவின் விலை இன்னும் கூடியிருக்கிறது. ஆனால் அது எந்த அலுவலகக் கோப்பிலும் ஏறுவதில்லை. சமவெளியிலிருந்து முதன்முறையாக மலையேறும் சாரதிக்கும் அது கிடைப்பதில்லை.

இதுவரை விழிப்புணர்வு என்ற பெயரில் பெரும்பாலும் நடப்பது மண்டபக் கூட்டம், சுவரொட்டி, பாடசாலை ஊர்வலம், ஒரு நாள் செயலமர்வு. நல்லெண்ணத்தோடு நடத்தப்படுபவைதான். ஆயினும் சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதும் என்ற நம்பிக்கையை ஆய்வுகள் தாங்கிப் பிடிக்கவில்லை. பாடசாலைகளில் நடத்தப்படும் சாரதிக் கல்வியைப் பற்றிய சோதனைகளைத் திரட்டி 2001இல் கொக்ரேன் அமைப்பு வெளியிட்ட மீளாய்வு, அத்தகைய கல்வி இளையோரின் விபத்துகளைக் குறைப்பதற்கு ஆதாரம் இல்லை என்று முடித்தது. அந்த வகுப்புகள் பிள்ளைகளை முன்கூட்டியே அனுமதிப்பத்திரம் எடுக்கத் தூண்டி, ஆபத்தான வயதில் சீக்கிரமாகவே வீதிக்கு இறக்கிவிடக்கூடும் என்றும் அது எச்சரித்தது. காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதல்ல. வேகமாகப் போவது ஆபத்து என்று தெரியாமல் எந்த இளைஞனும் வேகமாகப் போவதில்லை. அவன் தோளில் தட்டும் நண்பர்கள், நேரத்துக்கு வந்தால்தான் அடுத்த ஹயர் என்ற நெருக்கடி, யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்ற துணிவு ஆகியவை அவனுடைய வலது காலை அழுத்துகின்றன. அறிவுரை இவற்றில் ஒன்றையும் தொடுவதில்லை. சுற்றியிருப்பவர்கள் வேறுமாதிரி நடந்துகொண்டால்தான் அவனும் மாறுவான்.

சுற்றியிருப்பவர்களை மாற்ற முடியும் என்பதற்கு மிகத் தெளிவான சான்று கென்யாவிலிருந்து வருகிறது. அங்கே மட்டாட்டு எனப்படும் தனியார் சிற்றூர்திகள் பொறுப்பற்ற ஓட்டத்துக்குப் பேர்போனவை. ஜேம்ஸ் ஹபியாரிமானா, வில்லியம் ஜாக் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2008இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நெடுந்தூர மட்டாட்டுகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்த வண்டிகளுக்குள் சிறிய ஸ்டிக்கர்களை ஒட்டினார்கள். சாரதி தாறுமாறாக ஓட்டினால் வாயை மூடிக்கொண்டிருக்காதீர்கள், சேர்ந்து குரல் கொடுங்கள் என்று பயணிகளிடம் அவை சொல்லின. ஸ்டிக்கரைக் கிழிக்காமல் வைத்திருக்கும் சாரதிகளுக்கு வாராந்தம் பரிசுச் சீட்டிழுப்பும் வைத்தார்கள். ஸ்டிக்கர் ஒட்டிய வண்டிகளின் காப்புறுதிக் கோரிக்கைகள் மற்றவற்றோடு ஒப்பிடும்போது பாதி முதல் மூன்றில் இரண்டு பங்குவரை குறைந்தன. பின்னர் இன்னும் பெரிய அளவில், பன்னிரண்டாயிரம் வண்டிகளில் செய்து பார்த்தபோது விளைவு சற்றுக் குறைந்தது. அப்போதும் கோரிக்கைகள் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒரு பங்குவரை வீழ்ந்திருந்தன. புதுச் சட்டம் எதுவும் வரவில்லை, வீதி அகலமாகவில்லை. வாய்திறக்கலாம் என்ற அனுமதி மட்டும் கிடைத்தது.

இதை நம் ஊரில் சொன்னால் உடனே ஒரு ஆட்சேபம் எழும். இங்கே பஸ்ஸில் யார் பேசுவார்கள்? கொழுந்துக் கூடையைச் சுமந்து களைத்து ஏறும் பெண் சாரதியைப் பார்த்து ‘மெதுவாப் போங்க தம்பி’ என்று சொன்னால், ‘அவசரம் இல்லாதவங்க இறங்கிக்கலாம்’ என்று நடத்துநர் வாயடைத்துவிடுவார். சாரதி சிங்களம் மட்டும் அறிந்தவராக இருக்கலாம். அவளுக்குத் தமிழ் மட்டும் தெரிந்திருக்கலாம். தலைமுறை தலைமுறையாகத் துரைக்கும் கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் முன்னால் குரல் தாழ்த்திப் பழக்கப்பட்ட சமூகம் இது. இந்த ஆட்சேபம் மெய்யானது. அந்த ஸ்டிக்கர் இதற்குத்தான் மருந்து. தனி ஒருத்தியின் கோபமாகத் தோன்றுவதை, பஸ் உரிமையாளரே ஒப்புக்கொண்டு ஒட்டிய ஒரு வாசகம் எல்லோருடைய உரிமையாக மாற்றுகிறது. தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, டிப்போவின் தொலைபேசி எண்ணையும் கீழே போட்டு, ஹட்டன் – பொகவந்தலாவ, ஹட்டன் – மஸ்கெலியா, தலவாக்கலை – நுவரெலியா பஸ்களில் ஒட்டினால், மொழி தெரியாதவர்கூட அதைக் கையால் சுட்டிக்காட்டிவிடலாம். மாதர் சங்கக் கூட்டங்களில் பெண்கள் இதைப் பேசிப் பழகியிருந்தால் ஒரு குரல் எழும்போது அதன் பின்னால் நான்கு குரல்கள் எழும். கென்யாவிலும் சேர்ந்து குரல் கொடுக்கச் சொன்ன வாசகங்களே நன்றாக வேலை செய்தன.

பயணிக்கு இன்னொரு பலமும் உண்டு; நாம் அதைப் பயன்படுத்துவதே இல்லை. பஸ்ஸை அமர்த்துகிறவனின் பலம் அது. தோட்டங்களிலிருந்து கதிர்காமத்துக்கும் முன்னேஸ்வரத்துக்கும் திருக்கோணேஸ்வரத்துக்கும் பஸ் பிடித்துப் போகும் பயணங்களை ஆலய பரிபாலன சபைகளும் இளைஞர் கழகங்களும்தான் ஒழுங்கு செய்கின்றன. டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலைக்கு நாடெங்குமிருந்து வரும் பஸ்களில் பல ஹட்டன் வழியாக நல்லதண்ணிக்குப் போகின்றன. இரவெல்லாம் கண்விழித்த சாரதி, சில வேளை பயணிகளோடு மலையும் ஏறி இறங்கியவர், காலையில் அதே பஸ்ஸை மலையிறக்க வேண்டியிருக்கிறது. கெரண்டிஎல்ல விபத்தும் இரவு முழுவதும் ஓடி வந்த ஒரு பயணத்தின் விடியற்காலையில்தான் நடந்தது. முற்பணம் கொடுக்கும் கைக்கு நிபந்தனை போடும் அதிகாரம் இருக்கிறது. இரவுப் பயணமானால் இரண்டு சாரதிகள், இறக்கத்துக்கு முன் ஓய்வு, புறப்படுமுன் டயரையும் பிரேக்கையும் கராஜில் பார்த்த துண்டு, இருக்கைக்கு மேல் ஆள் ஏற்றுவதில்லை என்ற உறுதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்குவது பெரிய காரியமில்லை. ஒரு சபை கேட்டால் உரிமையாளர் மறுக்கலாம். ஒரு பிரதேசத்தின் எல்லாச் சபைகளும் கேட்டால் மறுக்கமாட்டார், தொழில் நடக்க வேண்டும்.

இளம் சாரதிகளைப் பொறுத்தவரை உலகம் கண்டறிந்த பாடம் வேறு. அனுமதிப்பத்திரத்தை ஒரேயடியாகக் கையில் கொடுக்காமல் படிப்படியாகக் கொடுப்பதே அது. நியூசிலாந்து 1987இல் இதைத் தொடங்கியது. புதிதாக ஓட்டுகிறவர் குறிப்பிட்ட காலத்துக்கு இரவு பத்து மணிக்குமேல் தனியாக ஓட்டக்கூடாது, சக வயது நண்பர்களை ஏற்றக்கூடாது. இந்த முறை கொண்டுவரப்பட்ட இடங்களிலெல்லாம் இளையோரின் விபத்துகள் குறைந்தன என்று 2011இல் வந்த கொக்ரேன் மீளாய்வு காட்டியது. மதுவிலும் இதே கொள்கைதான். உலக சுகாதார அமைப்பு பொதுவான சாரதிகளுக்கு 100 மில்லிலீட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் என்றும், இளம், புதிய சாரதிகளுக்கு 20 என்றும் எல்லை வைக்கச் சொல்கிறது. இலங்கைச் சட்டத்தில் நெடுங்காலமாக இருந்துவருவதோ எல்லோருக்கும் ஒரே அளவாக 80. சட்டம் மாறவேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதுவரை கைகட்டி நிற்கவும் வேண்டியதில்லை. பிள்ளைக்கு மோட்டார் சைக்கிளின் முற்பணத்தைக் கொடுப்பது தாய் தகப்பன். லீசிங் படிவத்தில் பிணை நிற்பது மாமனோ சித்தப்பாவோ. முதல் ஓராண்டுக்கு இருட்டிய பிறகு ஓடுவதில்லை, தலைக்கவசம் இல்லாமல் பின்னால் எவரையும் ஏற்றுவதில்லை, திருவிழா நாளில் சாவி வீட்டில்தான் என்று கையெழுத்துப் போடும் முன்பே அவர்கள் பேசி முடித்துக்கொள்ளலாம். வண்டி வாங்கிய பிறகு சொல்லும் புத்திமதியை விட, வாங்கும் முன் போடும் நிபந்தனைக்கு மதிப்பு அதிகம்.

ஓட்டோ தரிப்பிடங்களுக்கு இதைவிடவும் வலிமை இருக்கிறது. ஹட்டனிலோ நோர்வூட்டிலோ கொட்டகலையிலோ தரிப்பிடத்தில் எந்த வண்டி முதலில், எது பிறகு என்ற வரிசையைச் சாரதிகளே தமக்குள் வைத்துக்கொள்கிறார்கள். புதியவரைச் சேர்ப்பதா இல்லையா என்பதும் அவர்கள் முடிவு. குடித்துவிட்டு ஓட்டியவனை ஒரு வாரம் வரிசையிலிருந்து நிறுத்துவது என்று தரிப்பிடம் முடிவெடுத்தால், அது பொலிஸ் எழுதும் அபராதச் சீட்டை விடக் கடுமையாகவும் உறுதியாகவும் உறைக்கும். இங்கே எழும் ஆட்சேபம் வயிறு சார்ந்தது. தோட்ட வேலையின் சம்பளம் போதாமல்தான் பிள்ளைகள் ஓட்டோவுக்கு வந்தார்கள். மாதாமாதம் லீசிங் கட்ட வேண்டும். இரவு ஹயரைத் தடுத்தால் அடுப்பு எப்படி எரியும் என்று கேட்பார்கள். இதை அலட்சியம் செய்து எந்தத் திட்டமும் மலையகத்தில் வேர்பிடிக்காது. ஆகவே விதியைத் தரிப்பிடமே தன் கணக்குப்படி வகுக்க வேண்டும். முதலாண்டுப் பையன் இரவு ஹயரை மூத்தவரிடம் விட்டுக்கொடுத்தால், பகல் வரிசையில் அவனுக்கு ஒரு முறை கூடக் கொடுக்கலாம். ஒரே ஒரு விபத்தில் வண்டியும் போய், கையும் காலும் உடைந்து, லீசிங் தவணை மட்டும் மிஞ்சும்போது ஒரு குடும்பம் இழப்பதோடு ஒப்பிட்டால் அந்த ஓராண்டுக் கட்டுப்பாடு சிறிய விலை.

இவை எல்லாவற்றையும் விடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. பாதையைப் போடுவது, பாதுகாப்பு வேலி கட்டுவது, பழைய பஸ்களை வீதியிலிருந்து அகற்றுவது எல்லாம் அரசின் கடமை. அதை மறந்துவிட்டுப் பொறுப்பை ஏழைத் தொழிலாளியின் தலையில் கட்டுவது அநியாயம் என்பது அந்த வாதம். சமூகத் திட்டம் என்பது அரசு நழுவிச் செல்லும் கதவாக மாறினால் அந்தக் குற்றச்சாட்டு முழுக்கவும் சரிதான். 1998 முதல் வீதிப் பாதுகாப்புக்கென ஒரு தேசிய சபையே இயங்கும் நாட்டில், வளைவில் வேலி இல்லாததற்கு லயத்து மக்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மலையகத்தில் அரசு எப்போது அசைந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ரதெல்ல குறுக்கு வீதியில் கனரக வாகனங்கள் தடைசெய்யப்பட்டது 7 பேர் இறந்த பிறகு. பஸ் சாரதிகளுக்கு ஆசனப்பட்டி கட்டாயம் என்ற விதி 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது, அதுவும் பல பஸ்கள் பள்ளத்தில் விழுந்த பின்னரே. நீலகிரியிலும் இதே கதைதான். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் வெளியூர் வாகனங்கள் இறங்குவதற்குக் கட்டுப்பாடு வந்தது, 2018இல் சென்னையிலிருந்து வந்தவர்களின் கார் பள்ளத்தில் விழுந்து உயிர்கள் போன பிறகு. அந்தச் சரிவுகளின் குணம் அங்கே வாழ்ந்தவர்களுக்கு முன்பே தெரியும். அவர்கள் தெரிந்ததை எழுதிவைத்துக் கேட்பதற்கு ஒரு வழி இருக்கவில்லை.

அந்த வழியை உண்டாக்குவதுதான் சமூகத் திட்டத்தின் மையமாக இருக்க வேண்டும். வட நோர்வேயின் ஹார்ஸ்டாட் நகரில் 1980களில் தொடங்கிய முயற்சி இதற்கு முன்னுதாரணம். மருத்துவமனைக்கு வந்த ஒவ்வொரு காயமும் எங்கே, எப்படி நேர்ந்தது என்று பதிவுசெய்து, அந்தக் கணக்கை உள்ளூர் மக்களுக்கும் நகர நிர்வாகத்துக்கும் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். வீதிக் காயங்கள் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைந்தன. பொலிஸ் ஏட்டில் ஏறாத சிறு விபத்துகளெல்லாம் மருத்துவமனை ஏட்டில் ஏறும் என்பதே அதன் சூட்சுமம். நம்மிடம் தோட்ட வைத்தியசாலைகள் இருக்கின்றன, டிக்கோயா ஆதார வைத்தியசாலை இருக்கிறது, 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இருக்கிறது. பெயர் விபரம் வேண்டாம். இடம், நேரம், வாகன வகை என்ற மூன்றை மட்டும் மாதந்தோறும் தொகுத்தால் எந்த வளைவு ஆட்களை விழுங்குகிறது என்பது ஓராண்டில் தெரிந்துவிடும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போவதற்கு இப்போது ஒரு வாசலும் திறந்திருக்கிறது. தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் பணம் செலவிடுவதற்கு 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த தடை 2018இல் திருத்தப்பட்டது. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று தனித்தனிப் பிரதேச சபைகளும் வந்திருக்கின்றன. தோட்டப் பாதைக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று சொல்லும் வசதி சபைகளுக்கு இனி இல்லை. பிரதான வீதியென்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் அதே தாளைக் காட்டலாம். கணக்கோடு வரும் கோரிக்கையை மறுக்க அதிகாரிக்கும் ஒரு காரணம் எழுத வேண்டியிருக்கும்.

கடைசியாக, தோட்ட மக்களால் இப்படியொன்றைத் தொடர்ந்து நடத்த முடியுமா, எல்லாம் விதி என்று விட்டுவிடமாட்டார்களா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்த மலைகளின் சொந்த வரலாறே பதில். 1970களில் தோட்டப்புறத்தில் பிறந்து ஒரு வயதுக்குள் இறந்த குழந்தைகளின் விகிதம் நாட்டின் சராசரியைப்போல் இருமடங்கைத் தாண்டியிருந்தது. அன்றைக்கு அதையும் விதி என்றுதான் சொன்னார்கள். மருத்துவிச்சிகள் லயம் லயமாக ஏறி இறங்கினார்கள். பிள்ளை மடுவங்கள் சீரமைக்கப்பட்டன. தடுப்பூசி அட்டையைத் தாய்மார் பொன்போலக் காத்தார்கள். அடுத்த சில தசாப்தங்களில் அந்த விகிதம் பெருமளவு விழுந்தது. ஒரு நாள் விழாவால் அது நடக்கவில்லை. ஏட்டில் எழுதி, வீடு தேடிப் போய், விடாமல் கேட்டதால் நடந்தது. குழந்தைகளைக் காத்த அதே முறையை, அந்தக் குழந்தைகள் வளர்ந்து பத்தொன்பது வயதில் மோட்டார் சைக்கிளில் ஏறும்போதும் கையாளலாம்.

தொடங்குவதற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவ வரையிலான ஒரே ஒரு வீதியை எடுத்துக்கொண்டு, ஓராண்டுக்கு பஸ் ஸ்டிக்கர், தரிப்பிட விதி, வைத்தியசாலைக் கணக்கு மூன்றையும் சேர்த்து நடத்திப் பார்க்கலாம். விபத்து குறைந்தால் மிச்சப்படுவது காப்புறுதிக் கம்பனிகளின் பணமும்தான். கென்யாவில் செய்தது போல அவர்களைப் பங்குகொள்ளச் சொல்லலாம். பயன் தந்தால் மற்ற வீதிகளுக்கு விரிக்கலாம். தராவிட்டால் ஏன் என்று அறிந்து திருத்தலாம். அதற்கு முன்பே, எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. அடுத்த யாத்திரைக்கு பஸ் பேச உட்காரும் ஒவ்வொரு ஆலய சபையும், வாடகையைப் பேசி முடிப்பதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்கட்டும்: இரவில் ஓட்டுவதற்கு இரண்டாவது சாரதி யார்? பிரேக் கடைசியாக எப்போது பார்க்கப்பட்டது? பதில் திருப்தியாக இல்லாவிட்டால் முற்பணத்தைச் சட்டைப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டு வேறு பஸ் பார்க்கட்டும்.